மஞ்சள்கருவுக்கு எண்ணெய் நாள்

பசி எனக்கு வயிற்றில் தெரியாது, முழங்காலில் தெரியும். இருநூறு கிலோ பீப்பாயை விளிம்பில் சாய்த்து உருட்டும்போது முழங்காலுக்குள் முடிச்சு அவிழ்ந்ததுபோல ஒரு தளர்ச்சி வரும். வந்துவிட்டால் மணி பத்தரை என்று அர்த்தம். அந்தத் தவக்காலத்தில் அது ஏழரைக்கே வந்துகொண்டிருந்தது.

முப்பத்தொரு வருஷமாக எண்ணெய் ஆலையில் பிசின் பிரிவில் வேலை செய்கிறேன். சூரியகாந்தி எண்ணெயில் வெந்நீர் விட்டால் உள்ளே கரைந்துகிடக்கும் பிசின் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு திரண்டு வரும். அதைப் பிரித்து வற்றவைத்தால் பழைய தேன் மாதிரி பழுப்பு மஞ்சளாகக் குழாயில் இறங்கும். லெசித்தின் என்று பெயர். அது இல்லாவிட்டால் பிஸ்கட் மாவில் கொழுப்பு தனியே நிற்கும், சாக்லேட் வெளுத்துப்போகும், பெண்கள் முகத்தில் பூசுகிற கிரீம் மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாகப் பிரிந்துவிடும். ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு இரண்டையும் ஒரு வீட்டில் குடித்தனம் பண்ணவைக்கிற சரக்கு. ஆபீசில் இப்படி ஒருத்தர் இருந்தால் மறுநாளே மாற்றல் போட்டுவிடுவார்கள்.

எங்கள் ஊரில் சமையலறைச் சுவரில் மாட்டுகிற மாதாகோயில் காலண்டரில் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குறிப்பு இருக்கும். சில நாள் தண்ணீர் நாள், பீன்ஸை வெறும் தண்ணீரில் வேகவைத்துத் தின்ன வேண்டும். சில நாள் எண்ணெய் நாள், வெங்காயம் வதக்கிக்கொள்ளலாம். இறைச்சி, பால், முட்டை இரண்டிலும் கிடையாது. நோன்பு இருக்கிறவர்கள் இருப்பார்கள், முடியாதவர்கள் விட்டுவிடுவார்கள். யாரும் யார் வீட்டுச் சட்டியையும் திறந்து பார்த்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தலைநகர் பெல்கிரேடில் நோன்புத் தகுதி வாரியம் என்று ஒன்று உருவானது. அன்றிலிருந்து பார்க்கிறார்கள்.

தவக்காலத்துக்கு விற்கிற பிஸ்கட் பாக்கெட் ஒவ்வொன்றிலும் வாரியத்தின் வட்டமுத்திரை இருக்க வேண்டும். முத்திரைக்குப் பாக்கெட்டுக்கு இவ்வளவு தினார் என்று கட்டணம். பிஸ்கட்டுக்கு முத்திரை வேண்டுமென்றால் பிஸ்கட்டில் போகிற லெசித்தினுக்கு வேண்டும். அப்படித்தான் தலைமை ஆய்வாளர் ஸ்வெதோசார் எங்கள் ஆலைக்கு வந்து சேர்ந்தார். உயரமான மனிதர். முத்திரையை வெல்வெட் பையில் வைத்து, பையைக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

பீப்பாயை எட்டிப் பார்த்து, இது தண்ணீர் நாளுக்கா எண்ணெய் நாளுக்கா என்று கேட்டார். எங்கள் போர்மேன் ஓப்ராட் தொப்பியைக் கழற்றிவிட்டு, எண்ணெயிலிருந்து வருகிறது, தண்ணீரால் வருகிறது, இரண்டோடும் சேரும் என்றார்.

"இரண்டும்னு ஒரு கட்டம் படிவத்துல இல்லையே," என்றார் ஸ்வெதோசார், உண்மையான வருத்தத்தோடு.

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் நாளில் நிரப்பிய பீப்பாய்க்கு நீல மூடி, எண்ணெய் நாளில் நிரப்பியதற்கு மஞ்சள் மூடி. குழாய் அதே குழாய்தான், சரக்கும் அதே சரக்கு. ஆனால் தவறிப்போய் நீலத்துக்கு மஞ்சளைப் போட்டுவிட்டால் அந்தப் பீப்பாய் 'நாள் தவறியது' என்று மூலையில் நிற்க வேண்டும். நாள் தவறிய பீப்பாயைச் சரிசெய்ய மூடியை மாற்றினால் போதும். மாற்றுவதற்குக் கட்டணம் உண்டு.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு சுற்றறிக்கை வந்தது. பொருளைத் தொடுகிற கையும் பொருள்மேல் படுகிற மூச்சும் பொருளின் பகுதிகளே, ஆகவே தொழிலாளரும் பொருளின் நோன்பை அனுசரிக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

எட்டு மணி நேர ஷிப்டுக்கு ஒரு சூடான சாப்பாடு, இறைச்சியோடு. இது எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இதற்காக என் அம்மா காலத்தில் தொழிலாளிகள் வேலையை நிறுத்திவிட்டு ஆலை வாசலில் ஆறு நாள் உட்கார்ந்திருந்தார்கள். திங்கட்கிழமை கேன்டீனில் தட்டை நீட்டினேன். சமையல்காரி யூலிஷ்கா என் முகத்தைப் பார்க்காமல் ஒரு கரண்டி பீன்ஸும் அது வெந்த தண்ணீரும் ஊற்றினாள்.

என்னோடு குழாயடியில் நிற்பவள் ஸூஸானா. ஸ்லோவாக்கியக் குடும்பம், லூத்தரன் சபை. அவளுக்கு ஈஸ்டரே வேறு தேதியில் வரும். அவள் நேரே ஸ்வெதோசாரிடம் போய், உங்கள் ஈஸ்டருக்கு நான் ஏன் காய வேண்டும், எங்கள் போதகர் எங்களைப் பட்டினி போடுவதில்லையே என்று கேட்டாள். மூச்சுக்குச் சபைப் பிரிவு கிடையாது என்று பதில் வந்தது. அதை எழுத்தில் கேட்டாள். எழுத்திலும் கொடுத்தார்கள்.

மூச்சைச் சோதிக்க போஷ்கோ என்று ஓர் அலுவலரைப் போட்டார்கள். ஓய்வுபெற்ற போலீஸ்காரர், முப்பது வருஷம் நெடுஞ்சாலையில் குடிகார டிரைவர்களை ஊதச் சொன்னவர். காலையிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் வாசலில் நின்று, எங்கள் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து கண்ணை மூடுவார்.

"ஊதுங்க... வெங்காயம். பூண்டு. போலாம். அடுத்து."

ஒரு நாள் ஸூஸானாவிடம் தயங்கித் தயங்கி, ஏதோ புகைபோட்ட வாசனை வருகிறதே என்றார். அது என் புருஷன், அவனையும் தின்னக்கூடாதா என்று கேட்டாள். போஷ்கோ அதையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

ஆய்வாளர் ஸ்வெதோசார் மட்டும் மதியம் கேன்டீன் உள்ளறையில் பன்றித் தொடை வறுவல் சாப்பிடுவார். கதவு இடுக்கில் வாசனை வரும். ஒரு தடவை நான் தட்டோடு அந்த வாசலில் நின்றுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி விளக்கினார்.

"பயணத்துல இருக்கிறவங்களுக்கு நோன்பு விலக்கு உண்டும்மா. பழைய விதி. நாங்க தினம் பெல்கிரேட்லேருந்து வந்து போறோம். எனக்கு வேற வழியில்ல, இதத்தான் தின்னாகணும்."

கடும் உழைப்பாளிக்கும் விலக்கு உண்டு என்று எங்கள் பாதிரியார் சொல்வாரே என்றேன். உண்டு, ஆனால் அதற்கு நாற்பது நாள் முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும் என்றார். சுற்றறிக்கையே மூன்று நாள் முன்னால்தானே வந்தது என்றேன். அதனால்தான் இந்த வருஷம் ஒரு விண்ணப்பமும் வரவில்லை, மக்களிடம் பக்தி வளர்கிறது என்று ஆண்டறிக்கையில் எழுதியிருக்கிறோம் என்றார்.

நான்காவது வாரம், புதன்கிழமை. தண்ணீர் நாள். ஏழரைக்கு முழங்கால் அவிழ்ந்தது. ஒன்பது மணிக்கு ஒரு பீப்பாய் என் கையை மீறிச் சுவரில் போய் முட்டியது. ஸூஸானாவின் கால் ஒரு சாண் தள்ளி இருந்ததால் தப்பியது. அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் என்னவோ செய்தது. நான் பீப்பாய் வரிசைக்குப் பின்னால் போய், ஏப்ரன் பையிலிருந்த அவித்த முட்டையை எடுத்து உரித்தேன். என் வீட்டுக் கோழி போட்டது. உப்பு கொண்டுவந்திருந்தேன்.

பாதி தின்றபோது போஷ்கோ வந்தார். ஊதச் சொல்லவில்லை.  முப்பது வருஷ வேலையில் ஒருத்தரைக் கையும் களவுமாகப் பிடித்தது இதுதான் முதல் தடவை என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மீதி முட்டையை என் கையிலிருந்து எடுத்து ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டார்.

அந்த ஷிப்டில் நிரம்பிய பதினாறு பீப்பாய்க்கும் சிவப்பு நாடா ஒட்டினார்கள். 'முட்டைச் சந்தேகம்.' மஞ்சள்கருவில் இருப்பதும் லெசித்தின்தான். வாரியத்துக்கு அதுதான் பெரிய பயம். உள்ளே ஒரு துணுக்கு விழுந்து கலந்திருந்தால் எது விதையிலிருந்து வந்தது, எது கோழியிலிருந்து வந்தது என்று யார் பிரிப்பது? ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் இரண்டு நாளில் சொல்லிவிடுவார்கள் என்றார் ஓப்ராட். ஆய்வுக்கூடம் பீப்பாய்க்குள் என்ன இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், வாரியம் அதற்கு மேலே பார்க்க வேண்டியிருக்கிறது என்றார் ஸ்வெதோசார்.

மேலே பார்த்ததில் முடிவானது இது. ஆலையின் தகுதி நிறுத்திவைக்கப்பட்டது. பிசின் பிரிவில் பன்னிரண்டு பேரும் சம்பளமில்லாமல் வீட்டுக்குப் போனோம். நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் எல்லாரும் மறுநாளே வேலைக்கு வரலாம். முட்டைத் துகள் பீப்பாயில் விழுந்ததை ஒப்புக்கொள்கிறேன் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. போட்டால் என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஓய்வூதியத்துக்கு எனக்கு இன்னும் பத்தொன்பது மாதம் இருந்தது.

ஓப்ராட் வீட்டுக்கே வந்தார். "போட்டுடு நெவென்கா அக்கா. பதினோரு குடும்பம். அந்த முட்டை விழுந்துச்சா இல்லியான்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். என் வயித்துல விழுந்துச்சு."

அவர் போன பிறகு ஸூஸானாவும் வந்தாள். அவள் கையெழுத்துப் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. வீட்டுக் கடன் தவணை திங்கட்கிழமை வருகிறது என்றாள். காபியைக் குடித்தாள். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "ஏண்டி, ரெண்டு முட்டையா கொண்டுவந்திருக்கக் கூடாது? இந்தக் கஷ்டத்துக்கு நானும் ஒண்ணு தின்னிருப்பேன்," என்றாள். அன்று முழுக்க எனக்கு வேறு தெம்பு வேண்டியிருக்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, கேன்டீனில் விசாரணை வைத்தார்கள். பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். மேசைமேல் பச்சைத் துணி, நடுவில் கண்ணாடி ஜாடி, அதில் என் அரை முட்டை. தடயப் பொருளைக் குளிரில் வைத்தால் அதன் நிலை மாறிவிடும் என்று ஒன்பது நாளும் ஸ்வெதோசாரின் அலமாரியில் வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்து காட்ட வேண்டும் என்பது விதி. திறந்தார்கள். தட்டச்சுக்காரப் பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் அடித்தாள். அன்றைய பதிவில் பாதி எழுத்து இல்லாததற்குக் காரணம் அதுதான்.

முதலில் போஷ்கோ சாட்சி சொன்னார். உத்தரவுப்படி பதினாறு பீப்பாயின் மூடியையும் திறந்து நீளக் கரண்டியால் கிளறிப் பார்த்ததாகச் சொன்னார். மஞ்சளாக ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார்கள்.

"எல்லாமே மஞ்சளாத்தான் இருந்துச்சு ஐயா," என்றார் போஷ்கோ.

பிறகு என் முறை. மீதி முட்டை எங்கே என்றார்கள். தின்றுவிட்டேன் என்றேன். திருப்பித் தர இயலுமா என்றார்கள். அந்த நிலையைத் தாண்டிவிட்டது என்றேன். ஜாடியில் இருப்பதை எடை போட்டார்கள், இருபத்தைந்து கிராம். அதே மாதிரி முட்டையை உரித்தால் ஐம்பது வரும், அப்படியானால் மீதி இருபத்தைந்தும் எனக்குள்தான், பீப்பாய்க்கு எதுவும் மிஞ்சவில்லை என்று ஓப்ராட் கணக்குப் போட்டார். அது சராசரிக் கணக்கு, குறிப்பிட்ட இந்தக் கோழி என்ன அளவில் போடும் என்று தெரியாமல் சொல்ல முடியாது என்றார் ஸ்வெதோசார். எந்தக் கோழி?

"ஏழு இருக்குங்க. சொல்லிட்டுப் போடறதில்ல."

'அடையாளம் தெரியாத கோழி' என்று பதிவானது.

இதற்குள் எங்கள் பாதிரியார் ராதிவோய் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. எழுந்து நின்று, ஒரு நிமிஷம் பேசலாமா என்றார்.

"நோன்புல முட்டை தின்னா அத எங்கிட்ட வந்து சொல்லணும். அவ அன்னிக்கே வந்து சொல்லிட்டா. பீப்பாய் உருட்டறவ, தின்னு, போய் வேலையப் பாருன்னு நான் சொல்லிட்டேன். அதோட முடிஞ்சுது. இந்தப் பெரிய மேசை எதுக்கு?"

"மன்னிப்புக்கு எண் இருக்கா சாமி?" என்று ஸ்வெதோசார் மரியாதையாகக் கேட்டார்.

இல்லை என்றார் பாதிரியார். தனிப்பட்ட கருத்து என்று பதிவு செய்துகொண்டு அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் என்னவோ முணுமுணுத்தார். பதிவில் அது இல்லை, தட்டச்சுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த நேரம்.

பிறகு ஸ்வெதோசார் பேசினார். நல்ல குரல் அவருக்கு.

"எங்கள் மேல் உங்களுக்கு வருத்தம் இருக்கலாம். மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது எங்கள் கவலை இல்லை. கேட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்களா என்பதுதான் கவலை. இன்று ஒருவர் கேட்காமல் ஒரு முட்டை தின்பார். நாளைக்கு இன்னொருவர் கேட்காமல் பட்டினி கிடப்பார். பிறகு வாரியம் எதற்கு என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொள்ளத்தான் வாரியம் இருக்கிறது."

தாளை என் பக்கம் தள்ளி, பேனாவை அதன்மேல் வைத்தார். பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். பேனாவைத் தாளிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். 

"ஐயா, இந்தப் பீப்பாய்ல இருக்கிறதும் அந்த மஞ்சக்கருல இருக்கிறதும் செய்யற வேலை ஒண்ணுதான். எண்ணெயையும் தண்ணியையும் சேத்துவைக்கும். நாங்க பன்னெண்டு பேரு முழங்கால் தேய அதப் பண்றோம். என் கோழி ஒரு முத்திரையும் இல்லாம பண்ணுது. நீங்க அதுக்கு நடுவுல நின்னு பிரிக்கிறீங்க. முட்டை பீப்பாய்ல விழல. விழுந்துச்சுன்னு நான் எழுத மாட்டேன். பசிச்சுது, தின்னேன். அத எழுதிக் குடுங்க, இப்பவே போடறேன்."

பசித்தது என்பதற்குக் கட்டம் இல்லை என்றார்.

அப்போதுதான் வாசலில் லாரி வந்து நின்றது. பிஸ்கட் ஆலை லாரி. குருத்தோலை ஞாயிறுக்குள் தவக்கால பிஸ்கட் கடைக்குப் போயாக வேண்டும், லெசித்தின் இல்லாமல் மூன்று நாளாக மாவு பிரிந்து நிற்கிறது என்று டிரைவர் சொன்னான். ஸ்வெதோசாரின் தொலைபேசி அடித்தது. எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். முதலில் நிமிர்ந்து நின்று பேசினார், பிறகு குனிந்து பேசினார், கடைசியில் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார். பிஸ்கட் இல்லையென்றால் பாக்கெட் இல்லை, பாக்கெட் இல்லையென்றால் முத்திரைக் கட்டணம் இல்லை. இதை அவருக்கு எந்த ஆய்வுக்கூடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உள்ளே வந்து, கோழிக்கு என்ன தீனி போடுகிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். சோளமும் நம் ஆலைப் பிண்ணாக்கும் என்றேன். புழு பூச்சி? அது கோழியின் சொந்த விஷயம் என்றேன். பூச்சியைப் பதிவில் சேர்க்க வேண்டாம் என்று தட்டச்சுக்காரியிடம் சொல்லிவிட்டு, எழுந்து நின்று தீர்ப்பை வாசித்தார்.

குறிப்பிட்ட முட்டை, இந்த ஆலையின் சூரியகாந்திப் பிண்ணாக்கிலிருந்து உருவானதால், அடிப்படையில் சூரியகாந்தியே ஆகும். அது கோழி வழியாக வந்திருப்பது போக்குவரத்து சம்பந்தப்பட்ட விஷயம். ஆகவே அந்த முட்டை நோன்புக்கு உகந்தது எனச் சான்றளிக்கப்படுகிறது. அதன் வெள்ளைக்கரு தண்ணீர் நாளுக்கும் மஞ்சள்கரு எண்ணெய் நாளுக்கும் உரியவை. பதினாறு பீப்பாய்களும் விடுவிக்கப்படுகின்றன.

வெல்வெட் பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். யாரும் சிரிக்கவில்லை. போஷ்கோ மட்டும் ஜாடியை மூடுவதா திறந்துவைப்பதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. நான் தின்றது புதன்கிழமை, தண்ணீர் நாள். வெள்ளைக்கருவை மட்டும்தான் தின்றேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் கோப்பு மூடப்படும் என்றார். வேலை போகாது, ஒரு தொந்தரவும் இல்லை.

"மஞ்சக்கருவும் தின்னேன்," என்றேன். "அதுக்காகத்தான் முட்டையே தின்னேன்."

அக்கா என்று ஓப்ராட் கெஞ்சினார். லாரி ஹார்ன் அடித்தது.  ஸ்வெதோசார் தாளைத் தன் பக்கம் இழுத்து, 'தொழிலாளி நினைவுகூர இயலாத நிலையில் உள்ளார்' என்று தானே எழுதித் தானே கையெழுத்துப் போட்டார். பீப்பாயை ஏற்றச் சொன்னார்.

போஷ்கோ கிளறியபோது திறந்த மூடிகள் பதினாறும் தரையில் கிடந்தன. மூடி, வளையம் போட்டு இறுக்கி, உருட்டி ஏற்ற வேண்டும். பன்னிரண்டு பேர் வேலை. மணி ஒன்றரை. நான் எழுந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு யூலிஷ்காவின் ஜன்னலில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் ஸூஸானா வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை.

முதலில் ஏற்றுங்கள், பிறகு சாப்பிடலாம் என்றார் ஓப்ராட். சாப்பிட்டுவிட்டு ஏற்றுகிறோம் என்றேன். பீன்ஸ் தயாராகத்தான் இருக்கிறது என்றார். பீன்ஸ் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிற சாப்பாடு என்றேன். கேன்டீனில் வேறு இறைச்சியே இல்லை, வாரியத்துக்கு வைத்த தொடை வறுவல்தான் இருக்கிறது, அது பயணிகளுக்கு என்றாள் யூலிஷ்கா, அடுப்பில் இருந்த பெரிய தட்டைப் பார்த்துக்கொண்டே.

"நாங்களும் பயணிங்கதான்," என்றாள் ஸூஸானா. "தினம் பதினாலு கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு வர்றோம். அவரு உக்காந்துக்கிட்டு வர்றாரு."

யூலிஷ்கா ஸ்வெதோசாரைப் பார்த்தாள், ஓப்ராடைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே லாரியைப் பார்த்தாள். கத்தியை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள். தடித் தடியாக வெட்டினாள். பாதிரியாருக்கும் ஒரு தட்டு வைத்தாள். அவர் தனக்கு வேண்டாம், தான் நோன்பு என்று சொல்லி ஒரு துண்டு ரொட்டி மட்டும் எடுத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார். போஷ்கோ வாசலில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தார், ஆனால் எதுவும் எழுதவில்லை. சற்று நேரம் கழித்து அவரும் ஒரு தட்டோடு வந்தார். நகர்ந்து இடம் கொடுத்தோம். ஸ்வெதோசார் பச்சைத் துணி மேசையில் தனியாக உட்கார்ந்து பீன்ஸ் சாப்பிட்டார். அவர் முகம் சுளிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டரைக்கு எழுந்தோம். மூன்றரைக்குப் பதினாறு பீப்பாயும் லாரியில். எல்லாவற்றுக்கும் நீல மூடி போட்டேன். நிறத்தை யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கேன்டீனில் கௌலாஷ் போட்டார்கள், இறைச்சிக் குழம்பு. எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. அந்த முட்டைக்கான சான்றிதழ் தபாலில் வந்தது. கூடவே கட்டண ரசீதும் வந்தது. இரண்டையும் மடித்து அப்படியே திருப்பி அனுப்பினேன். பத்தொன்பது மாதத்தில் மூன்று போய்விட்டது. முழங்காலுக்கு இப்போது பத்தரை மணிதான்.

ஓப்ராட் ஒரு நாள் குழாயடிக்கு வந்து, அந்தத் தொடை வறுவலோடு எல்லாம் நேராகிவிட்டதல்லவா என்று கேட்டார். அது அந்த வெள்ளிக்கிழமைச் சாப்பாடு, அன்றைக்கு நாங்கள் வேலை செய்தோம் என்றேன். தவக்காலத்தின் முதல் திங்கட்கிழமையிலிருந்து நான்காவது புதன்வரை, ஞாயிறு போக, பிசின் பிரிவில் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு இருபத்தொரு சூடான சாப்பாடு, இறைச்சியோடு, ஆலை தர வேண்டியிருக்கிறது. இன்னும் தரவில்லை.